வைகறையை வசப்படுத்திய நாவலாசிரியர்

துயிலெழும் வேளையைப் பற்றி நம் முன்னோர் கூறிய அறிவுரைக்குக் குறைவில்லை. வைகறையிலே கண்விழித்து, அன்று செய்யவேண்டிய அறத்தையும் பொருளையும் சிந்தித்து, பெற்றோரை வணங்கி நாளைத் தொடங்குமாறு ஆசாரக்கோவை விதிக்கின்றது. திண்ணைப் பள்ளிக்கூடத்து மாணவன் இருள் பிரியுமுன்னரே ஏடும் கையுமாக ஆசிரியர் வீட்டு வாயிலிலே நின்றான். பரீட்சை நெருங்குங் காலத்தில் பிள்ளைகளை நான்கு மணிக்கு எழுப்பித் தேநீர் கொடுத்துப் படிக்க இருத்தும் தாய்மாரை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலைநாட்டிலும் இன்றும் காண்கின்றோம்.

எழுந்திரு என்று சொல்லும் நூல்கள் பல. எழுந்த பழக்கத்தை ஆண்டுக் கணக்காகக் காப்பது எவ்வாறு என்று காட்டும் வாழ்க்கைகளோ சில. தைப்பொங்கலன்று தீர்மானஞ் செய்து, நான்காம் நாளிலே போர்வையை மீண்டும் இழுத்து மூடிக்கொள்வோர் நம்மிற் பெரும்பாலோர். மணிக்கூட்டின் அலாரம் மட்டுமல்ல, கைத்தொலைபேசியின் அலாரமும் அத்தகையோரிடம் தோற்றுப் போகின்றது. ஆகவே அறிவுரையை விடுத்து, ஒரு மனிதரின் கதையைச் சொல்ல விரும்புகின்றேன். அவர் இயல்பிலே உத்தமரான மாணவருமல்லர். இளமையிலே ஒழுங்குக்குப் பேர்போனவருமல்லர். அதனாலேயே அவர் கதை நமக்குப் பயன்படும் என்று கருதுகின்றேன்.

அவர் பெயர் அன்ரனி திரொலப். ஆங்கில இலக்கியம் பயின்றோர் அவரை பார்செற்ஷயர் என்னும் கற்பனை மாவட்டத்தைப் படைத்த நாவலாசிரியராக அறிவர். நாற்பத்தேழு நாவல்களை எழுதியவர் அவர். இவ்வளவையும் எழுதியவர், தம் வாழ்நாளின் முப்பத்துமூன்று ஆண்டுகளைத் தபாற் பகுதியின் உத்தியோகத்திலே கழித்தவர் என்பதை எண்ணும்போதுதான் வியப்பு உண்டாகின்றது. அந்நாவல்களிற் பெரும்பகுதி, ஊரார் காலை உணவுக்கு அமருமுன் எழுதி முடிக்கப்பட்டது.

ஒரே வீட்டில் இரண்டு வைகறைகள்

திரொலப் 1815ஆம் ஆண்டு ஏப்பிரில் 24ஆந் திகதி இலண்டனிலே பிறந்தார். தந்தையார் தோமஸ் அன்ரனி திரொலப் ஒரு நியாயவாதி. கல்வியறிவு மிக்கவர், கடுஞ்சினத்தர். அச்சினத்தினாலே கட்சிக்காரரை இழந்தார். பின்னர் ஹரோ என்னுமிடத்திலே கமஞ் செய்யப் புகுந்து, இருந்த பொருளையும் இழந்தார். தேவாலயச் சொற்களுக்கெல்லாம் ஒரு கலைக்களஞ்சியம் தொகுக்க முற்பட்டு, அதையும் முடியாமலே விட்டுச் சென்றார்.

இத்தந்தையார் காலை ஆறு மணிக்குச் சவரஞ் செய்துகொள்வது வழக்கம். அவ்வேளையிலே சிறுவன் அன்ரனி அருகில் நின்று இலத்தீன் இலக்கண விதிகளையும் கிரேக்க நெடுங்கணக்கையும் ஒப்புவிக்க வேண்டும். அவன் தலையைத் தந்தையின் பக்கமாகச் சாய்த்தபடியே நிற்க வேண்டும் என்பது கட்டளை. பிழை நேர்ந்தால், சவரக்கத்தியைக் கீழே வைக்காமலே மற்றக் கையினால் அவன் மயிரைப் பற்றி இழுப்பதற்கு அது வசதியாயிருந்தது. சிறுவன் அறிந்த முதலாவது வைகறை இதுவே. அஃது அச்சத்தின் வைகறை.

அதே வீட்டிலே இன்னொரு வைகறையும் இருந்தது. அது தாயாருடையது. தாயார் பிரான்சிஸ் திரொலப் அம்மையார், குடும்பத்தின் நிலையை உயர்த்தும் நோக்கத்தோடு 1827ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று சின்சினாற்றி நகரிலே ஒரு வியாபாரநிலையம் அமைத்தார். அம்முயற்சி படுதோல்வியடைந்தது. 1831இல் வெறுங்கையோடு திரும்பிய அவர், ஐம்பதைக் கடந்த வயதிலே, அதற்குமுன் ஒரு நூல்தானும் வெளியிட்டறியாதவர், பேனாவைக் கையிலெடுத்தார். அமெரிக்கரின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1832இல் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. அந்நாள் முதல் குடும்பத்துக்குச் சோறு போட்டது அவரது பேனாவே.

அம்மையார் காலை நான்கு மணிக்கெல்லாம் எழுதும் மேசைக்கு வந்துவிடுவார். வீட்டார் கண்விழித்து உணவும் உடையும் கேட்கத் தொடங்குமுன் அன்றைய எழுத்து முடிந்திருக்கும். பிறகு அவர் தாயாகவும் மனைவியாகவும் வீட்டின் தலைவியாகவும் நகைமுகத்தோடு நடமாடுவார். 1834இல் கடன்காரர் வீட்டைச் சூழ்ந்தனர். தந்தையார் இரகசியமாக நாட்டைவிட்டு வெளியேற, குடும்பம் பெல்ஜிய நாட்டுப் புறூஜ் நகரிலே அடைக்கலம் புகுந்தது. அங்கே மகன் ஹென்றி கசநோயாற் படுக்கையிற் கிடந்தான். கணவரோ நோயாளி. மருந்துப் போத்தலும் மைக்கூடும் அம்மையாரின் அறையிலே ஒன்றுக்கொன்று துணையாக நின்றன. நோயாளிக்குப் பணிவிடை செய்து, விழித்திருந்த நேரத்திலெல்லாம் வாசகரை மகிழ்விக்கும் கதைகளை அவர் எழுதினார். 1834 டிசெம்பரிலே ஹென்றியும், 1835இலே கணவரும், 1836இலே மகள் எமிலியும் இறந்தனர். அத்துயரங்களினிடையேயும் எழுத்து நின்றதில்லை. 1863இல் அம்மையார் இறப்பதற்குள் அவர் எழுதிய நூற்பாகங்கள் நூற்றைக் கடந்துவிட்டன.

தந்தையின் ஆறு மணியையும் தாயின் நான்கு மணியையும் ஒருங்கே கண்டு வளர்ந்தான் அன்ரனி. எது அவனிடம் தங்கியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பிந்தி வந்த இலிகிதர்

பள்ளி வாழ்க்கை அவனுக்கு நரகமாயிருந்தது. ஹரோவிலே செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு, சேறு படிந்த பாதையிலே மைல்கணக்காக நடந்து வந்து படித்த ஏழைப் பகல்மாணவன் அவன். கசங்கிய உடையையும் அழுக்கையும் கண்டு உடன்படித்தோர் விலகினர். அவனுக்கு அருகிலே இருந்து படித்த ஒருவர், பிற்காலத்திலே அந்நாட்களை நினைவுகூர்ந்து, அவன் கோலத்தைக் கண்டு தாமும் ஒதுங்கியதை எழுதி வைத்தார். அவர் வேறு யாருமல்லர். 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்து, கொழும்பு நூதனசாலையை நிறுவிய சேர் வில்லியம் கிரெகரியே. இருவரும் பின்னர் அயர்லாந்திலே நல்ல நண்பராயினர்.

பத்தொன்பதாவது வயதிலே, 1834இல், இலண்டன் பொதுத் தபாற் கந்தோரிலே ஆண்டுக்கு 90 பவுண் சம்பளத்தில் இலிகிதராகச் சேர்ந்தார் திரொலப். மாநகரில் தனியே வாழும் இளைஞர், கண்டிப்பாரில்லை, கைநிறையப் பணமுமில்லை. குறித்த நேரத்துக்குக் கந்தோருக்கு வாராதவர் என்ற பெயர் அவருக்கு விரைவிலே ஏற்பட்டது. மேலதிகாரிகள் அவரை வெறுத்தனர். வேலையினின்றும் நீக்கப்படும் அபாயம் எப்பொழுதும் தலைமேல் தொங்கிற்று. கடன் கொடுத்தவன் கந்தோருக்கே வந்து அவர் பின்னால் நின்று பணங் கேட்பான். இவ்வாறு ஏழாண்டுகள் கழிந்தன.

இங்கே சற்று நின்று நோக்குமாறு வாசகரை வேண்டுகின்றேன். சிறுவயதிலே நாள்தோறும் ஆறு மணிக்கு எழுப்பப்பட்ட பிள்ளை, வாலிபனானதும் பத்து மணிக் கந்தோருக்குப் பிந்தி வருகின்றான்! அச்சத்தினால் எழுப்பப்பட்டவன், அச்சம் நீங்கியதும் உறங்கிவிடுகின்றான். பிள்ளைகளைப் பிரம்பினால் எழுப்பும் பெற்றோர் இதனைச் சிந்திப்பது நன்று. பிறர் வேலைக்காக எழுந்தவனுக்கு அக்காலை சொந்தமாவதில்லை. சொந்தமல்லாத பொருளைக் காக்க எவன் முன்வருவான்?

அயர்லாந்து தந்த மறுபிறப்பு

1841இலே அயர்லாந்தில் ஓர் இடம் வெறிதாயிற்று. அங்குள்ள தபால் மேற்பார்வையாளர் ஒருவருக்கு உதவியாளாகச் செல்ல ஒருவரும் விரும்பவில்லை. திரொலப் விரும்பிக் கேட்டார். அவரை அனுப்பிவிடுவதிலே மேலதிகாரியும் மகிழ்ந்தார். பானகர் என்னும் சிற்றூரை வந்தடைந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு.

அங்கே மனிதர் மாறிவிட்டார். குதிரையேறி ஊரூராகச் சென்று தபாற் கணக்குகளைச் சோதித்தார், முறைப்பாடுகளை விசாரித்தார். தம்மை நம்பி ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதை உணர்ந்ததும் அவரது சோம்பல் போன இடந் தெரியவில்லை. நரிவேட்டை என்னும் விளையாட்டிலே ஆயுட்காலப் பற்றுக் கொண்டதும் அங்கேதான். 1844 யூன் மாதத்திலே றோஸ் ஹெசல்ரைன் என்னும் மங்கையை மணந்தார். மணத்துக்கு முந்திய ஆண்டிலேயே முதல் நாவலைத் தொடங்கியிருந்தார். அது 1847இல் வெளிவந்தது, வாங்குவாரில்லை. அடுத்த நாவலும் அப்படியே. 1855இல் வெளிவந்த வார்டன் என்னும் நாவலே அவர் பெயரைச் சிலராவது அறியச் செய்தது. அதுவும் முதலிரண்டு ஆண்டுகளிலே ஈட்டிக் கொடுத்தது இருபது பவுண் அளவே.

ஆயினும் அவர் தளரவில்லை. உத்தியோகத்திலும் குறை வைக்கவில்லை. தெருவோரத்திலே தபாற்பெட்டி நாட்டி, மக்கள் எந்நேரமும் கடிதம் இடுவதற்கு வகை செய்யலாம் என்று 1851இலே ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளுக்குச் சென்றபோது அவர் ஆலோசனை கூறினார். அதன்படி 1852இல் ஜேர்சித் தீவிலே முதற் பெட்டிகள் நாட்டப்பட்டன. நம்மூர்ச் சந்திகளிலே நிற்கும் சிவப்புத் தபாற்பெட்டிகளின் பரம்பரை அங்கிருந்து தொடங்குகின்றது.

உத்தியோகக் கடமைக்காக அவர் இடையறாது பயணஞ் செய்ய நேர்ந்தது. புகையிரதத்திலே சும்மா இருக்கும் நேரத்தைக் கண்டு அவர் மனம் நொந்தது. மடிமீது வைத்தெழுதும் சிறு பலகை ஒன்றைச் செய்வித்து, ஓடும் வண்டியிலே பென்சிலால் எழுதினார்; மனைவியார் அதைப் பின்னர் மையினால் படியெடுத்தார். 1857இல் வெளிவந்த புகழ்பெற்ற பார்செஸ்ரர் டவர்ஸ் நாவலின் பெரும்பகுதி இவ்வாறே உருவானது. தமக்கென ஒரு வேலை, அதன்மேல் தீராத விருப்பு, அதற்கென நேரம் தேடும் தவிப்பு ஆகிய மூன்றும் அவரிடம் வந்துவிட்டன. இனிக் காலை தானே வந்து கதவைத் தட்டவேண்டியதுதான்.

கோப்பியும் கடிகாரமும்

1859இலே இங்கிலாந்துக்கு மாற்றம் பெற்று, இலண்டனுக்கு வடக்கேயுள்ள வால்தம் குறொஸ் என்னுமிடத்திலே குடியேறினார். அங்கு வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளே அவரது வைகறைகளின் பொற்காலம். காலை ஐந்தரை மணிக்கு அவர் மேசையிலே அமர்ந்துவிட வேண்டும். இந்த விதிக்கு விலக்கில்லை. தமக்குத் தாமே இரக்கங் காட்டவில்லை.

ஆனால், தம் மனவலிமை ஒன்றையே நம்பி அவர் இதனைச் செய்யவில்லை என்பதே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. அவர் தம்மை நன்கு அறிந்தவர். இருபது வயதிலே படுக்கையை விட்டெழ இயலாத அந்த வாலிபன் தமக்குள்ளே இன்னும் ஒளிந்திருக்கின்றான் என்பது அவருக்குத் தெரியும். எனவே அவனை எழுப்ப ஓர் ஆளை நியமித்தார். அயர்லாந்திலிருந்து உடன் வந்த பார்னி என்னும் முதிய குதிரைக்காரரே அவர். நாள்தோறும் உரிய நேரத்திலே எசமானை எழுப்பிக் கோப்பி கொண்டுவந்து கொடுப்பது அவர் வேலை. அதற்காக ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகச் சம்பளம். அவ்வளவு ஆண்டுகளிலும் ஒரு நாளேனும் கோப்பி பிந்தி வந்ததில்லை என்று திரொலப் தம் வாழ்க்கை வரலாற்றிலே பதிந்துள்ளார். தாம் பெற்ற வெற்றிக்கு வேறெவரையும்விட அம்முதியவருக்கே கூடுதலாகக் கடமைப்பட்டிருக்கலாம் என்றும் அவர் எழுதினார்.

மேசையில் அமர்ந்ததும் முதல் அரை மணித்தியாலம் முந்திய நாள் எழுதியதை வாசிப்பார். சொற்களின் ஓசை காதிலே சரியாக விழுகின்றதா என்று எடைபோடுவார். வெற்றுத்தாளை வெறித்துப் பார்த்து முதற் சொல்லைத் தேடும் துன்பம் இவ்வாறு நீங்கிற்று. பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக் கொள்வார். ஒவ்வொரு கால் மணித்தியாலத்துக்கும் 250 சொற்கள் என்பது கணக்கு. கடிகாரமுள் நகர்வது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயமாக அந்த 250 சொற்களும் வந்துகொண்டிருந்தன. மொத்தம் மூன்று மணித்தியாலம். அதற்குமேல் எழுதுவது வேண்டியதில்லை என்பதும் அவர் கொள்கை. ஆனால் அந்த மூன்று மணித்தியாலத்திலே பேனாவைக் கடித்துக்கொண்டும் சுவரைப் பார்த்துக்கொண்டும் இருப்பதற்கு இடமில்லை.

கணக்குப் புத்தகமொன்றும் இருந்தது. நாவலைத் தொடங்கும்போதே அது எத்தனை வாரத்தில் முடியவேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டங்கள் வரைவார். அன்றன்று எழுதிய பக்கங்களை அதிலே பதிவார். ஒரு பக்கத்துக்கு 250 சொற்கள் என்று எண்ணியே வைத்தார். சராசரி வாரத்துக்கு 40 பக்கம். குறைந்த வாரத்தில் 20. ஒருமுறை 112 பக்கம் வரை சென்றதுமுண்டு. எழுதாது விட்ட நாளின் வெற்றிடம் கண்ணிலே கொப்புளம்போல உறுத்தும் என்பது அவர் அனுபவம். டொக்டர் தோர்ண் என்னும் நாவலை எழுதி முடித்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கினார். அது 1858இலே தபால் உடன்படிக்கை ஒன்றுக்காக எகிப்துக்குச் சென்றிருந்த காலம். போகும் வழியில் கடல் கொந்தளித்தபோது, எழுதிக்கொண்டிருந்த தாளை மேசையிலே விட்டு எழுந்துபோய், வாந்தியெடுத்துவிட்டு மீண்டும் வந்து எழுதியவர் அவர்.

கலைஞனுக்கு உள்ளத்திலே அருள் இறங்கவேண்டும், அதுவரை காத்திருக்கவேண்டும் என்போரை அவர் நகைப்புடன் நோக்கினார். செருப்புத் தைப்பவன் அருள் வரும்வரை காத்திருப்பதில்லை என்பார். எழுத்தாளனுக்கு உதவும் சிறந்த பொருள் நாற்காலியிலே பூசும் மெழுகுதான் என்றும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதாவது எழுந்து போகாதபடி ஒட்டிக்கொள்வதற்கு!

எஞ்சிய பகல்

எட்டரை மணிக்கு எழுத்து முடிந்துவிடும். அதன்பின் உடையணிந்து காலையுணவுக்கு அமர்வார். மற்றவர்களுக்கு நாள் அப்பொழுதுதான் தொடங்குகின்றது. அவருக்கோ நாளின் சிறந்த வேலை நிறைவேறிவிட்டது. இனிமேற் பகல் முழுவதும் தபாற் பகுதிக்கு உரியது. வேட்டைப் பருவத்திலே வாரத்தில் இரண்டு நாளேனும் குதிரையேறி நரிவேட்டைக்குச் செல்வார். இலண்டன் சங்கங்களிலே நண்பரோடு விஸ்ற் என்னும் சீட்டாட்டம் ஆடுவார். விருந்துகளிலே உரத்த குரலிற் பேசி விவாதிப்பார். நூலுக்குள்ளே மூழ்கி உலகை மறந்த துறவியல்லர் அவர். உலகியலை முற்றும் அனுபவிப்பதற்காகவே காலையை எழுத்துக்கு ஒதுக்கியவர். மக்கள் பேசும் முறையையும், உத்தியோகப் போட்டியையும், குடும்பத்துப் பணக் கவலையையும் அவர் நாவல்கள் அவ்வளவு உண்மையாகக் காட்டுவதற்கு இந்தப் பகல்களே காரணம் என்பது என் துணிபு.

1867இலே, முப்பத்துமூன்று ஆண்டுச் சேவையின் பின், ஓய்வூதியத்தையும் துறந்து தபாற் பகுதியை விட்டு விலகினார். உரிய பதவியுயர்வு கிடைக்காத மனத்தாங்கலும் அதிலே கலந்திருந்தது. உத்தியோகம் போயினும் வைகறை போகவில்லை. 1871இலே அவுஸ்திரேலியாவிலே ஆட்டுப்பண்ணை நடத்திய மகனைக் காணக் கப்பலேறியபோது, தச்சனைக் கொண்டு கப்பலறையிலே எழுதுமேசை செய்வித்தார். லிவர்ப்பூல் துறையிலிருந்து மெல்போண் நகரைச் சேர்வதற்குள், எட்டு வாரப் பயணத்திலே, வாரம் 66 பக்கமாக லேடி அன்னா என்னும் நாவலை எழுதி முடித்தார்.

1875இல் மீண்டும் அவுஸ்திரேலியா செல்லும் வழியிலே அவர் நம் இலங்கையிலும் தங்கினார். அப்பொழுது தேசாதிபதியாயிருந்தவர் முன்னே கூறிய பள்ளித் தோழர் கிரெகரி. இங்கே கண்டவற்றைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதங்கள் எழுதினார். அந்நாளிலே நமது மலைநாடு முழுவதும் கோப்பித் தோட்டங்கள். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர், இருள் நீங்குமுன் எழுப்பப்பட்டு, குளிரிலே நடுங்கியபடி பெரட்டுக்களத்திலே வரிசையாக நின்றனர். அவர்களும் வைகறையில் எழுந்தவர்களே. அவர்களுடைய வைகறையை யாரும் புகழ்ந்து எழுதவில்லை. ஏனெனில் அது அவர்களுடையதாயிருக்கவில்லை. ஒரு கோப்பிக் கிண்ணத்தினால் தொடங்கிய இவ்வரலாற்றை எழுதும்போது, அந்த வரிசையை நினையாதிருக்க என்னால் இயலவில்லை.

கணக்கு ஏட்டின் பழி

1875ஆம், 1876ஆம் ஆண்டுகளிலே அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி, தாம் இறந்த பின்பே வெளியிடுமாறு மகனிடம் ஒப்படைத்தார். இறுதிக் காலத்திலே மூச்சிரைப்பு வருத்தியது. கையும் எழுத மறுத்தது. மனைவியாரின் உறவுப் பெண்ணான புளோறன்ஸ் பிளாண்ட் அருகிலிருந்து எழுத, அவர் சொல்லிக் கொண்டே போனார். அப்பொழுதும் காலை வேலை நிற்கவில்லை. 1882 நவம்பரிலே, ஒரு மாலை வேளையில் உறவினர் வீட்டிலே நகைச்சுவை நூலொன்று வாசிக்கப்படுவதைக் கேட்டுச் சிரித்துக் கொண்டிருக்கையிற் பாரிசவாதம் தாக்கிற்று. டிசெம்பர் 6ஆந் திகதி உயிர் நீத்தார். ஒரு நாவல் முடியாமலே நின்றது.

1883இல் அவரது வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. ஐந்தரை மணியும் கடிகாரமும் 250 சொல்லும், நூல்களால் ஈட்டிய ஏறக்குறைய 70,000 பவுண் பணத்தின் பட்டியலும் அதிலே ஒளிவு மறைவின்றிக் கூறப்பட்டிருந்தன. கலையைத் தெய்வீகமெனக் கருதியோர் முகஞ் சுளித்தனர். நாவல் எழுதினாரா, கணக்கு எழுதினாரா என்று ஏளனஞ் செய்தோரும் உளர். அவர் புகழ் சில காலம் மங்கிற்று. ஆயினும் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே மக்கள் மீண்டும் அவர் நாவல்களை விரும்பித் தேடினர். இன்றும் அவை அச்சிலே நிலைத்துள்ளன. பூ எந்நேரத்தில் மலர்ந்தது என்று கேட்டா நாம் அதன் மணத்தை நுகர்கின்றோம்?

இவ்வாழ்க்கையிலிருந்து நான் அறிந்துகொள்வன மூன்று. முதலாவது, எழுவதற்கு ஒரு பொருள் வேண்டும். காலையிலே செய்வதற்கென நாம் மனமார விரும்பும் ஒரு வேலை காத்திருக்க வேண்டும். அது வீணை வாசிப்பாயினும் சரி, வீட்டுத்தோட்டத்துக்கு நீர் இறைப்பதாயினும் சரி. தந்தையின் ஆறு மணி தோற்று, தாயின் நான்கு மணி வென்றது இதனாலேதான். இரண்டாவது, அளவு வேண்டும். இவ்வளவு நேரம், இவ்வளவு வேலை என்று வரையறுத்து, அதனை நாள்தோறும் ஏட்டிலே பதிந்தால் மனம் ஏமாற்ற இடமில்லை. மூன்றாவது, துணை வேண்டும். தனியொருவரின் உறுதி தை மாதக் குளிரிலே உருகிவிடும். எழுப்புவதற்கு ஒருவர் உண்டென்றால் அது நிலைக்கும். அவ்வாறு துணை தேடுவது பலவீனமன்று. தன்னை அறிந்தவனின் விவேகம்.

ஆயினும் துணையைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்றும் சொல்லவேண்டியுள்ளது. ஐந்தரை மணிக்கு எழுத்தாளர் மேசைக்கு வந்தார் என்றால், அதற்கு முன்னரே எழுந்து, அடுப்பு மூட்டி, நீர் கொதிக்கவைத்து, கையில் விளக்கோடு படியேறியவர் ஒருவர் இருந்தார். அவரை எழுப்புவதற்கு ஆளில்லை. அவர் பெயரில் நூலுமில்லை. ஆண்டுக்கு 5 பவுண் கூலியும், எசமான் நன்றியோடு எழுதிய சில வரிகளுமே அவருக்குக் கிடைத்தவை. நம் இல்லங்களிலும் பிள்ளை நான்கு மணிக்குப் படிக்க எழுகின்றதெனில், மூன்றரை மணிக்கே ஒரு தாய் எழுந்துவிட்டாள் என்பது பொருள். பரீட்சையிற் சித்தியெய்திய செய்தியிலே பிள்ளையின் பெயர் மாத்திரமே வரும்.

வைகறையை வசப்படுத்த விரும்புவோர் நாளைக் காலை எழுந்ததும் முதலிலே செய்யத்தக்கது, தமக்கு முன் எழுந்தவர் யார் என்று பார்ப்பது. இரண்டாவதாகச் செய்யத்தக்கது, ஒரு நாளேனும் அவருக்கு முன் எழுந்து, அவருக்கு ஒரு கிண்ணம் கோப்பி கொண்டுபோய்க் கொடுப்பது.